ஆள் மாறும் நேரம்

பாதை கடலை ஒட்டியே ஏறி இறங்கியது. கீழே பாறைகளுக்கிடையில் தண்ணீர் பச்சையாகவும் நீலமாகவும் கிடந்தது. பேக்கரிக்காரர் முன்னால் போகும் மனைவியின் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

கடையை விற்றாயிற்று. இத்தனை வருடமும் இரவில் அவர் அடுப்படியில், பகலில் அவள் கல்லாவில். விடிகாலையில் அவள் வந்து சாவியை வாங்கிக்கொள்வாள், அவர் வீட்டுக்குப் போய்ப் படுப்பார். மாவு தீர்ந்தது, ஒரு தட்டு ரொட்டி கருகியது என்று வாசலில் நின்று பேசுவதுதான் அவர்கள் பேச்சு. இனி ஒரே வீட்டில் நாள் முழுக்க இரண்டு பேரும்.

"உங்ககூட இருக்க முடியுமான்னு எனக்கே தெரியலைங்க," என்று இந்தத் தீவுக்குச் சுற்றுலா கிளம்பும்போதே சொல்லியிருந்தாள். "அங்க போய்ப் பார்ப்போம். சரிப்படலைன்னா நான் பொண்ணு வீட்டுக்குப் போயிடறேன்." கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் அவரை அரித்தது.

வளைவில் ஒரு மரப் பெஞ்சு. அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் எழுந்து நடந்தாள். அடுத்த பெஞ்சிலும் அப்படியே.

அதற்கடுத்ததில் கேட்டுவிட்டார். "நான் என்ன, உன்னைத் துரத்தவா வரேன்?"

அவள் பாதி எழுந்தபடி நின்றாள். பிறகு அவளுக்கே விளங்கியது போலிருந்தது. "நீங்க வந்தா நான் கிளம்பணும்னு காலு நினைச்சுக்குது."

"இங்க என்ன கல்லாவா இருக்கு?"

"அதைக் காலுகிட்ட சொல்லுங்க."

உட்கார்ந்தாள். நடுவில் தண்ணீர்ப் பை. உச்சி வெயில் அவர் வழக்கமாகத் தூங்கும் நேரம். தலை சாய்ந்ததுகூடத் தெரியவில்லை.

விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. பாதையின் கோடிவரை பார்வையை ஓட்டினார், யாரும் இல்லை. பிறகுதான் பக்கவாட்டில் திரும்பினார். அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"போகலையா நீ?"

"எங்க போறது? இப்படியா குறட்டை விடுவாங்க. அந்தப் பக்கமா வந்தவங்க திரும்பித் திரும்பிப் பார்த்துட்டுப் போறாங்க."

"எப்பவும் இப்படித்தான் விடுவேனா?"

"எனக்கெப்படித் தெரியும்?"



"பொண்ணுகிட்ட என்ன சொல்லப்போற?" என்று கேட்டார்.

அவள் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "வீட்டுல பின்பக்கத்து ரூம் சும்மாதானே கிடக்கு?"

"ம்."

"நீங்க அதுல படுத்துக்கங்க. கதவைச் சாத்திட்டு, குறட்டை எனக்குக் கேக்காம."

"சரி," என்றார்.