முப்பத்தேழாயிரத்துக்கு மேல் ஒரு டாலர்

மே மாதம் பட்ஜெட் வாசிக்கும் செவ்வாய்க்கிழமை ரென்ஷா வீட்டில் யாரும் வேறு சேனல் பார்க்க முடியாது. மந்திரி பேசி முடிக்கிறவரை மெர்வ் பென்சிலும் கையுமாக டிவி முன்னால் உட்கார்ந்திருப்பான். கல்வி, ராணுவம், ரோடு எதுவும் அவனுக்கு வேண்டாம். வருமான வரி ஸ்லாப் எந்த இடத்தில் மாறுகிறது என்பது மட்டும் போதும். இந்த வருடமும் பழைய எண்தான், முப்பத்தேழாயிரம் டாலர். அதற்குள் இருந்தால் டாலருக்குப் பத்தொன்பது சென்ட், தாண்டினால் முப்பத்திரண்டரை.

தாண்டியவனின் மொத்தச் சம்பளத்தையும் முப்பத்திரண்டரையில் போட்டு வழித்துவிடுவார்கள் என்பது மெர்வின் சித்தாந்தம். கல்யாணமான புதிதில் ஒரு வாரம் முழுக்க ஓவர்டைம் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை சம்பளச் சீட்டைப் பிரித்தபோது வரிப் பிடித்தம் அவன் முகத்தில் அறைந்தது. அதிகமாகப் பிடித்தது வருடக் கடைசியில் திரும்பி வந்தது. வந்தது மறந்துபோயிற்று, போனது மட்டும் நெஞ்சில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஜூன் மாதம் பிறந்தால் கணக்குப் பார்ப்பான். வருமானம் கோட்டை நெருங்கினால் சனிக்கிழமை ஓவர்டைம் கிடையாது. இன்னும் நெருங்கினால் சம்பளமில்லாத விடுப்பு. ஜூலை ஒன்றாம் தேதி புது வரி வருடம் பிறந்ததும் கத்தியைத் தீட்டிக்கொண்டு இறைச்சி ஆலைக்குக் கிளம்பிவிடுவான். இருபத்தோரு ஜூன்கள் இப்படிப் போயின.

எலும்பெடுக்கும் கூடத்தில் மெர்வுக்கு நிகரான கை கிடையாது. ஓர் ஆட்டுத் தொடையிலிருந்து எலும்பை உருவிப் போட்டால் அதில் ஈ மொய்க்கக்கூட ஒன்றும் இருக்காது. முதலாளி ஸ்டூவர்ட் பெட்டிஃபர் அவனை மேஸ்திரியாக்க மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவையும் அவன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டான்.

அவன் நினைப்பு தப்பு என்பது அவன் மனைவி க்ளெனிஸுக்கு ஆறு வருடமாகத் தெரியும்.

அந்த ஜூலையில் மெர்வ் காய்ச்சலில் படுத்திருந்ததால், வரிக் கணக்கு எழுதும் பெண்மணியிடம் காகிதங்களை அவள்தான் எடுத்துக்கொண்டு போனாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கோட்டுக்கு மேலே விழுகிற காசுக்கு மட்டும்தான் மேல் விகிதம், கீழே இருப்பதை யாரும் தொடுவதில்லை என்று நிதானமாகச் சொன்னாள். வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் க்ளெனிஸ் வந்தாள். சமையலறையில் காய்ச்சலோடு மெர்வ் உட்கார்ந்திருந்தான், அவனைச் சுற்றி ஆலை ஆட்கள் மூன்று பேர். பிறந்திருக்கும் புது வரி வருடத்தில் யார் எந்தச் சனிக்கிழமையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அவன் கணக்குப் போட்டுக் கொடுக்க, வக்கீலிடம் கேட்பதைப்போல அவர்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நாலு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள்.

அன்று சொல்லாததை மறுநாள் சொல்வது கஷ்டமாக இருந்தது. அடுத்த வருடம் அதைவிடக் கஷ்டம். உண்மையைச் சொல்வதானால், அந்த ஜூன் மாதங்கள் அவளுக்குப் பிடித்தும் இருந்தன. ஜூன் அங்கே குளிர்காலம். அவன் வீட்டிலிருப்பான், விறகு பிளந்து போடுவான், பூசணி சூப் வைப்பான், மகளைக் கூடைப்பந்துக்குக் கூட்டிப்போவான். இதையெல்லாம் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டாள். கெட்டிக்காரத்தனம் என்று அப்போது தோன்றியது.

இந்த ஜூனில் அந்தக் கெட்டிக்காரத்தனம் கழுத்தைப் பிடித்தது. மகள் ப்ரான்வின் பன்னிரண்டாம் வகுப்பு. பிப்ரவரியில் அடிலெய்டு போய்ச் சட்டம் படிக்க வேண்டும். படிப்புக் கடனை வேலைக்குப் போன பிறகு கட்டிக்கொள்ளலாம், அறை வாடகையை யார் கட்டுவது? ஸ்டூவர்ட் நான்காவது தடவையாக மெர்வைக் கூப்பிட்டிருந்தார். வாரத்துக்கு நூற்றைம்பது டாலர் கூடுதல், திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார். வரி போக நூறு டாலர் கையில் நிற்கும். அது இருந்தால் ப்ரான்வின் போகலாம், இல்லாவிட்டால் போக முடியாது.

அதே வாரம் பார்த்து ப்ரான்வினுக்குப் பள்ளிகளுக்கிடையிலான விவாதப் போட்டி வந்தது. 'வருமானம் ஏற ஏற வரி விகிதமும் ஏறுவது நியாயமே' என்பது தலைப்பு. நாணயத்தைச் சுண்டியதில் நியாயம் என்ற கட்சி அவளுக்கு விழுந்தது.

"போச்சு போ," என்றான் மெர்வ், உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே. "தோக்குற கட்சியில போய் மாட்டிக்கிட்டியே."

"ஏன் தோக்கணும்? நிறைய வச்சிருக்கவன் நிறைய குடுக்கட்டும்ப்பா. உன் முழங்கை ஆபரேஷனுக்கு நீயா காசு குடுத்த? ஊரு கட்டின வரி."

"நான் குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? ஆளுக்கு அஞ்சுல ஒண்ணு எடு. ஸ்டூவர்ட்கிட்டயும் அஞ்சுல ஒண்ணு, என்கிட்டயும் அஞ்சுல ஒண்ணு. ஆறு நாள் உழைக்கிறவன்கிட்ட அஞ்சு நாள்காரனைவிட பெரிய கரண்டியா போட்டு அள்ளுனா, அது என்னடி நியாயம்?"

"அஞ்சுல ஒண்ணு போனா ஸ்டூவர்ட் ஒரு கார் கம்மியா வாங்குவார். நாம பல் டாக்டர்கிட்ட போகாம இருப்போம். ரெண்டும் ஒண்ணா?"

"முதல்ல ஸ்டூவர்ட் வரி கட்றானான்னு கேளு. அவன் ஆடிட்டர் கட்ட விடுவானா?"

ப்ரான்வின் சிரித்துவிட்டாள். பிறகு முகம் மாறியது. "அப்பா, இந்த ஸ்லாப்னு சொல்றியே, அது எப்படின்னா..."

"ஆறிப் போகுது, சாப்பிட்டுட்டுப் பேசுங்க," என்றாள் க்ளெனிஸ்.

துணி துவைக்கும் அறையில் மகள் அவளைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கும் தெரியும்தானே? அப்பா சொல்றது தப்புன்னு?"

"சத்தம் போடாத."

"எவ்வளவு நாளா?"

"போட்டி முடியட்டும். ஞாயித்துக்கிழமை நானே பக்குவமா சொல்றேன். திங்கக்கிழமை அவன் போய் வேலைய ஒத்துக்கட்டும். நீ வாயைத் திறக்காத, ப்ரான். அவன் தாங்க மாட்டான்."

ப்ரான்வின் ஈரத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட ஹாலில் பாதி ஊர் இருந்தது. ஜூன் மாதம் என்பதால் மெர்வும் ஓவர்டைம் இல்லாமல் வந்திருந்தான், இஸ்திரி போட்ட சட்டையில். மூன்றாவது வரிசையில் அவன் சொல்லித்தான் சனிக்கிழமையை விட்ட ஆலை ஆட்கள் இரண்டு பேர். முன்வரிசையில் ஸ்டூவர்ட், காரணம் எதிரணியில் பேசுவது அவர் மகன் ஆங்கஸ். அவனைத் தனியார் பள்ளியில் படிக்க வைத்திருந்தார்.

ஆங்கஸ் நன்றாகத்தான் பேசினான். நடுவில் அட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சபையைப் பார்த்தான்.

"எங்க அப்பாகிட்ட ஒருத்தர் வேலை பாக்குறார். பேர் சொல்லல. கத்தியப் பிடிச்சா அவரை மிஞ்ச ஆள் இல்ல. மூணு தடவை மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட்டும் வேண்டாம்னுட்டார். ஏன்? ஸ்லாப் தாண்டினா மொத்தமா போயிடும்னு. வருஷா வருஷம் ஜூன்ல வீட்டுல உக்காந்துடுறார். அவர் சோம்பேறி இல்ல. இந்த வரிதான் அவரை உக்கார வச்சிருக்கு."

தலைகள் திரும்பின. க்ளெனிஸுக்குக் காது சுட்டது. மெர்வோ நிமிர்ந்து உட்கார்ந்தான், அவன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. முழங்கையால் அவளை இடித்தான்.

"கேட்டியா க்ளென்? முதலாளி புள்ளைக்கே புரியுது."

அவள் மேடையிலிருந்த மகளைப் பார்த்தாள்.

அடுத்தது ப்ரான்வின். எதிரணி சொன்னதை ஒவ்வொன்றாக உடைக்க வேண்டியது அவள் பொறுப்பு. கையிலிருந்த அட்டைகளில் மேலே இருந்ததைப் பார்த்தாள். அதில் என்ன எழுதியிருக்கும் என்று க்ளெனிஸுக்கு இங்கிருந்தே தெரிந்தது. பிறகு அப்பாவைப் பார்த்தாள். எதிர்க்கட்சிக்குப் பாயிண்ட் கிடைத்த சந்தோஷத்திலும் மகளை விட்டுக்கொடுக்காமல், மெர்வ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவள் அந்த அட்டையை எடுத்து எல்லாவற்றுக்கும் பின்னால் சொருகிவிட்டாள்.

ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசினாள், பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினாள். பணக்காரனின் கடைசி டாலரும் ஏழையின் கடைசி டாலரும் ஒரே கனம் இல்லை என்று அழகாகச் சொன்னாள். ஆங்கஸ் சொன்ன ஆளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. மணி அடித்தது. க்ளெனிஸ் மூச்சை விட்டாள். ஆபத்து தாண்டிவிட்டது என்று நினைத்தாள் பாவம்.

நடுவர் மௌண்ட் கேம்பியரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, மென்மையான குரல். எதிரணி வென்றது என்று சொல்லிவிட்டு, வழக்கம்போலக் காரணத்தை விளக்க ஆரம்பித்தார்.

"முதல் அணியோட மூணாவது பேச்சாளர் ரொம்ப நல்லா பேசினாங்க. ஆனா கைக்கு வந்த பந்தை விட்டுட்டாங்க. அந்தத் தொழிலாளி உதாரணம் முழுக்க முழுக்கத் தப்பு. முப்பத்தேழாயிரத்துக்கு மேல ஒரு டாலர் சம்பாதிச்சா அந்த ஒரு டாலருக்குத்தான் முப்பத்திரண்டரை சென்ட். கீழ இருக்கிற முப்பத்தேழாயிரத்தை அது தொடவே தொடாது. கூட உழைச்சு யாரும் கம்மியா வீட்டுக்குக் கொண்டு போறதில்ல. அரை மணி நேரம் படிச்சிருந்தாலே இது தெரிஞ்சிருக்கும்." அவர் காகிதத்தை மடித்தார். பிறகு, அந்த ஊர் தெரியாத நல்ல மனுஷி, உண்மையான வருத்தத்தோடு சொன்னார். "அந்த மனுஷரை நினைச்சாத்தான் எனக்கு மனசு கேக்கல. இத்தனை வருஷத்துல அவருக்கு இதை எடுத்துச் சொல்ல ஒருத்தர்கூடவா இல்ல?"

மேடையில் ப்ரான்வின் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெர்வின் கைகள் முட்டியின் மேல் இருந்தன, இருபத்தைந்து வருடம் கத்தி பிடித்துத் தடித்த கைகள். அவன் முதலில் சிரிக்கப் பார்த்தான். அது வரவில்லை. பிறகு மெல்லத் திரும்பி க்ளெனிஸைப் பார்த்தான். ஆச்சரியப்பட்டதைப்போல முகத்தை வைத்துக்கொள்ள அவள் முயன்றாள், அந்தப் பாழாய்ப்போன முகம் ஒத்துழைக்கவில்லை.

"உனக்குத் தெரியும்," என்றான்.

"மெர்வ், ஞாயித்துக்கிழமை சொல்லலாம்னு..."

"எவ்வளவு நாளா?"

"ஆறு வருஷம்."

"ஆறு ஜூன்," என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "எனக்கு டீ போட்டுக் குடுத்துக்கிட்டு இருந்திருக்க."

வெளியே பெற்றோர் சங்கத்துக்காரர்கள் சாஸேஜ் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசை ஆலை ஆட்கள் இருவரும் மெர்வைப் பார்க்காமல் வரிசையில் நின்றார்கள். ஒருவன் மட்டும் கடந்துபோகும்போது, "பரவால்ல விடு, மெர்வ்," என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு எத்தனை சனிக்கிழமை போயிற்றோ.

ப்ரான்வின் ஓடி வந்தாள். அழுதிருந்தாள்.

"நீ ஜெயிச்சிருக்கணும்," என்றான் மெர்வ். "அட்டை உன் கையில இருந்துச்சு. நான் பாத்தேன்."

"எல்லார் முன்னாடியும் எப்படிப்பா..."

"இப்ப மட்டும் யார் பின்னாடி நடந்துச்சு?"

அந்த நேரம் பார்த்து ஸ்டூவர்ட் வந்தார். கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் கஷ்டமே. மகனை முதுகில் தட்டி அனுப்பிவிட்டு மெர்வின் தோளில் கை வைத்தார்.

"பையன் பேசினதைத் தப்பா எடுத்துக்காதப்பா. வீட்டுல நான் எதையோ சொன்னதை வச்சு... போகட்டும். அந்த மேஸ்திரி வேலை இன்னும் அப்படியேதான் இருக்கு. இப்பதான் விஷயம் தெளிவாயிடுச்சே. திங்கக்கிழமைகூட வேணாம், இப்பவே சரின்னு சொல்லு."

பக்கத்தில் நின்றவர்கள் சாஸேஜை மெல்வதை நிறுத்தினார்கள். க்ளெனிஸ் அவன் வாயையே பார்த்தாள். சரி என்று சொல், ஒரு வார்த்தைதான், உன் மகள் இங்கேதான் நிற்கிறாள். மெர்வ் மகளைப் பார்த்தான், ஆட்களைப் பார்த்தான், ஸ்டூவர்ட்டின் கையைத் தோளிலிருந்து மரியாதையாக எடுத்துக் கீழே விட்டான்.

"அதுக்காக இல்ல, ஸ்டூவர்ட்," என்றான். "வரியெல்லாம் ஒரு பக்கம். எனக்கு இடுப்பு சரியில்ல. ரொம்ப நாளாவே. மேஸ்திரின்னா நாள் பூரா ஓடணும். என்னால முடியாது."

"இடுப்பா? நீ சொல்லவே இல்லையே."

"சொல்லிக்கிட்டுத் திரியணுமா?"

அவன் இடுப்பில் ஒரு கோளாறும் கிடையாது. போன வாரம்தான் ஒற்றை ஆளாக அரை டன் விறகை இறக்கினான். அது அவளுக்குத் தெரியும், ப்ரான்வினுக்குத் தெரியும், அங்கே நின்ற எல்லோருக்கும் ஏறக்குறைய தெரியும். எல்லோரும் மறுபடி சாஸேஜை மெல்ல ஆரம்பித்தார்கள். க்ளெனிஸ் வாயைத் திறந்தாள். ஆறு வருடம் சொல்லாமல் இருந்தவள் இப்போது எந்த முகத்தோடு சொல்வது என்று மூடிக்கொண்டாள்.

க்ளெனிஸ்தான் காரை ஓட்டினாள். ஊர் எல்லை வந்தபோது ப்ரான்வின் பின்சீட்டிலிருந்து, பேக்கரியில் ஆள் எடுக்கிறார்களாம், ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு அடிலெய்டு போனாலும் ஒன்றும் கெட்டுவிடாது என்றாள். அந்த ஒரு வருடம் எத்தனை வருடமாகும் என்று இந்த ஊரில் பேக்கரியில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். மெர்வ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினான்.

திங்கட்கிழமை ஆலைக்கும் அப்படியே போனான். புதன்கிழமைக்குள் லேசாகச் சாய்ந்து நடக்கப் பழகிவிட்டான். சனிக்கிழமை காலை க்ளெனிஸ் மருந்துக் கடையில் தைலம் வாங்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு சட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தான்.

எந்த இடத்தில் வலிக்கிறது என்று அவள் கேட்டாள். அவன் காட்டினான். அவள் தேய்த்துவிட்டாள்.