கிரேசி எண்ணிய வீடு

1974-இல், தூத்துக்குடியில் கணக்கு வாத்தியார் வேதமணியின் நாலு வயது மகள் கிரேசி, வீட்டு நாற்காலியின் கால்களை எண்ணி மூன்று என்றாள். அன்றிலிருந்து அதற்கு மூன்று கால்தான். ஆடாமல் நின்றது.

அவளுக்குக் கணக்குச் சொல்லித்தந்தது அம்மா ஜெயசெல்வி. நெத்திலியை முன்னால் கொட்டி, கூறுக்கு ஐந்தாக வைக்கச் சொல்வாள். துணி மடிக்கும்போது பொத்தான்களை எண்ணச் சொல்வாள். சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்துவைப்பதும் பிள்ளையின் வேலைதான். அவள் தப்பாக எண்ணினால் சாமான் அதற்குத் தக்கபடி கூடும், குறையும். வாங்கிய நாலு முட்டையை ஒருமுறை ஆறு என்றாள். ஆறையும் அவித்துத் தின்றார்கள். வேதமணிக்கு மட்டும் தொண்டையில் இறங்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லித்தருகிறவர் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை என்றால் வெளியே தலைகாட்ட முடியுமா?

புதிதாக மாற்றலாகி வந்த தலைமையாசிரியர் தேவபிரசாதம் ஒரு மாலை காப்பி குடிக்க வந்தார். கிரேசி அவர் சட்டைப் பொத்தான்களை எண்ணி ஒன்பது என்றாள். ஆறு இருந்த இடத்தில் ஒன்பது ஆனது.

“யார் பிள்ளை இது?” என்றார் அவர்.

“அடுத்த வீட்டுப் பிள்ளை சார். இங்கன விளையாட வாரா” என்றார் வேதமணி. கிரேசி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு, “அம்மாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ரெண்டு” என்று தட்டு வைத்தாள். வீட்டில் அதற்குமேல் தட்டு இல்லை. மறுநாள் முதல் ஜெயசெல்வி இரண்டு பேருக்கே உலை வைத்தாள். அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை. புருஷன் என்று ஒருவர் இருந்ததே நினைவில் இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாம் வழக்கம்போல நடந்தது. வீட்டில்தான் வேதமணி யார் கண்ணிலும் படவில்லை. மூணு என்று சொல்லச்சொல்லிப் பிள்ளையைக் கேட்க எத்தனையோ முறை வாயெடுத்தார். எந்த முகத்தோடு கேட்பது? ஏழு மாதம் கிளப்புக்கடையில் சாப்பிட்டார்.

பிறகு ஒருநாள் கிரேசி முற்றத்தில் பூவரசு இலைகளைக் கூறு வைத்து மீன் விற்றுக்கொண்டிருந்தாள். அந்த வியாபாரத்துக்கு வருகிறவர்கள் எல்லாருமே கண்ணுக்குத் தெரியாதவர்கள். ஆகவே வேதமணி எதிரே போய்க் குந்தியபோது அவள் திடுக்கிடவில்லை.

“வாங்க அண்ணாச்சி. வீட்டுல எத்தன பேரு?”

கணக்கு வாத்தியாருக்கு விடை தெரியவில்லை. “பொண்டாட்டி இருக்கா. மவ ஒருத்தி இருக்கா. அவள என் பிள்ள இல்லன்னு சொல்லிட்டேன், தாயி.” சொல்லும்போது வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

“அவ அழுதாளா?”

“தெரியல. அவ முகத்த நான் பாக்கல.”

கிரேசி இலைகளை ஒவ்வொன்றாக அவர் கையில் வைத்தாள். “மவளுக்கு ஒண்ணு. அவ அம்மாவுக்கு ஒண்ணு. ஒங்களுக்கு ஒண்ணு.”

அடுப்படியில் ஜெயசெல்வி இன்னும் ஓர் ஆழாக்கு அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். உள்ளே போக வெட்கப்பட்டு, சோறு வேகும்வரை வேதமணி இலைகளை ஏந்தியபடி முற்றத்திலேயே நின்றார்.