மாறாமல் நின்ற நெருப்பு நரி

கொழுந்தன் லிஃப்ட் மெக்கானிக். வேலை விட்டு வந்ததும் விரலிடுக்குக் கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு சோபாவில் சாய்ந்தான் என்றால், அண்ணியை ஒரு வழி பண்ணாமல் எழுந்திருக்க மாட்டான். எல்லாம் வீடியோ கேமில்தான். ஆளுக்கு நான்கு விசித்திர மிருகங்கள்; ஒவ்வொன்றாக இறக்கி மோதவிட வேண்டும். அடிப்பதா, மிருகத்தை மாற்றுவதா என்று இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்த வேண்டும்.

அவள் நான்கையும் நெருப்பு மிருகங்களாகவே சேர்த்து வைத்திருந்தாள். அடித்தால் இடி மாதிரி விழும். ஆனால் அவன் ஒரே ஒரு தண்ணீர் ஆமையை விட்டு நான்கையும் அணைத்துவிடுவான்.

“ஏன் அண்ணி, நாலு பேரும் ஒரே வேலைக்கு மனு போட்ட மாதிரி இருக்காங்க?”

அவளுக்குச் சுருக்கென்றது. மறுநாள் கண்ணாடிக் கடையில் லென்ஸை ஃபிரேமில் பொருத்தும்போதும் அந்த ஆமை மூஞ்சிதான் கண்முன் நின்றது. சாப்பாட்டு இடைவேளையில் போனை எடுத்து அணியைக் கலைத்தாள். தண்ணீரை உறிஞ்சும் செடித் தவளை ஒன்று, எவ்வளவு அடி விழுந்தாலும் அசையாத கல் நத்தை ஒன்று என்று புதிதாகச் சேர்த்தாள். அவற்றுக்காக இரண்டு நெருப்பை அனுப்பியாயிற்று. முதன்முதலில் பிடித்த நரியை அனுப்ப மட்டும் மனம் வரவில்லை.

அப்படியும் தோல்விதான். ஆமை வந்ததுமே அவள் பதறி, நரியைப் பின்னால் இழுத்துத் தவளையை முன்னால் விடுவாள். அது அவனுக்கு அத்துப்படி. அதே நொடியில் அவனும் ஆமையை எடுத்துவிட்டுப் பனிப்பருந்தை இறக்குவான். தவளை விறைத்துப்போகும்.

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவன் திரும்பாமலே சொன்னான்: “நரிக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னு நீ தவிக்கிறது அவனுக்கு நல்லாத் தெரியுது.”

அடுத்த ஆட்டத்திலும் நரி, எதிரே ஆமை. தண்ணீர் ஒருமுறை பட்டால் நரி காலி. இருந்தும் மாற்றாமல், நெருப்பைக் கக்கு என்ற பொத்தானை அழுத்தினாள்.

ஆமை விலகியது. வழக்கம்போலச் சிறகை விரித்து வந்த பருந்து, நேராக நெருப்புக்குள் வந்து விழுந்தது.

கொழுந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “ஏன் அண்ணி மாத்தல?”

“மாத்துவேன்னு நீதானே நெனச்ச.”

பருந்து போனபின் தவளைக்குப் பயமில்லை. ஆமையைச் சாவகாசமாக உறிஞ்சி முடித்தது. அவனிடம் மிச்சமிருந்த இரண்டும் நத்தையோடு முட்டி முட்டிக் களைத்தன. அவள் ஜெயித்துவிட்டாள். கணவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கைதட்டினான்.

“இன்னொரு ஆட்டம் அண்ணி. ஒண்ணே ஒண்ணு.”

அந்த ஆட்டத்தில் அவன்தான் ஜெயித்தான். ஆனால் ஒவ்வொரு பொத்தானுக்கும் முன்னால் அண்ணியின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான். அவளோ உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வேண்டுமென்றே பதறுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.