டெலிஸ் சொன்ன மூன்று பேர்கள்

கார் திருட்டுப் போனால் போலீஸ் இருக்கிறது, பேர் திருட்டுப் போனால் கேட்க நாதியில்லை என்பாள் டெலிஸ். அவளுடைய பேர் ஒன்று ஏற்கெனவே களவு போயிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால், மூத்தது வயிற்றில் இருந்தபோது, பையன் பிறந்தால் வைப்பதற்கென்று 'பிராக்ஸ்டிர்' என்று ஒரு பேரை மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு உண்டாக்கி வைத்திருந்தாள். பிறந்தது பெண். சரி, அடுத்ததுக்கு ஆகும் என்று பத்திரப்படுத்தினாள். மறு கோடையிலேயே கணவனின் தங்கை கேம்ப்ரீ ஒரு பையனைப் பெற்றாள். ஞாயிற்றுக்கிழமை சபையில், ஆண்கள் வட்டமாக நின்று குழந்தையைக் கையில் தாங்கி ஆசீர்வதித்துப் பேர் சூட்டும்போது, மைக்கில் கணீரென்று வந்தது: பிராக்ஸ்டிர்.

அன்றைக்கு டெலிஸ் சிரித்துக்கொண்டே கை குலுக்கினாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் யூட்டா மாநிலத்தில் பிள்ளை பெற்றதில்லை. டெலிஸின் சபையில் எட்டு வயதுக்குள் இருபத்து மூன்று பையன்கள். ஒருவன் பேர் இன்னொருவனுக்கு இல்லை, கேட்டால் மட்டும் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கேடன், டேஸன், ஜாக்ஸ்டன், ரைடிக். இங்கிலீஷில் எழுதினால் இருக்க வேண்டிய எழுத்து இருக்காது, இருக்கக்கூடாத இடத்தில் ஒரு 'ஒய்' உட்கார்ந்திருக்கும். வாத்தியார்கள் வருகைப் பதிவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் அதுதான் கௌரவம். ஊரில் ஏற்கெனவே இருக்கிற பேரை வைப்பது அடுத்த வீட்டுக்காரியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது மாதிரி.

இப்போது வயிற்றில் பையன் என்று ஸ்கேனில் சொல்லிவிட்டார்கள். போன வசந்தத்தில்தான் டெலிஸின் அப்பா ரூலன் இறந்துபோனார். மாமனார் பேர் ஜே. இரண்டையும் ஒட்டிப் பார்த்தாள். ஜேரூலன். அப்பாவே வாசல் கதவைத் தட்டின மாதிரி இருந்தது அவளுக்கு. காரில் இருந்தபடியே வாங்கும் சோடாக் கடை வரிசையில், கார்க் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, தேங்காய் சிரப் ஊற்றின டயட் கோக்கைக் கையில் பிடித்தபடி, கணவன் ட்ரெவினிடம் மட்டும் சொன்னாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. உங்கம்மாகிட்டகூட."

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்?" என்றான் ட்ரெவின்.

அவள் பயந்தது வேறு ஒன்றுக்கு. கேம்ப்ரீயும் மாசமாயிருந்தாள், அவளுக்கும் பையன், அதுவும் இவளுக்கு ஆறு வாரம் முந்தி. அவள் முந்திக்கொண்டால் முடிந்தது கதை. சபையில் ஒரு தடவை மைக்கில் சொன்ன பேரைத் திரும்ப வாங்க முடியாது. அப்பாவின் பேர் நாத்தனார் வீட்டுப் பிள்ளைக்குப் போய்விடும், இவள் ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பேர் என்ன, பேர் என்ன என்று நவம்பரில் நன்றி சொல்லும் பண்டிகை விருந்திலிருந்தே எல்லாரும் குடைந்தார்கள். டெலிஸ் ஒரு பொறி வைத்தாள். மாமியார் லரூவிடம் தனியாக, "டேவ்ரிக்" என்றாள். கேம்ப்ரீயிடம் தனியாக, "ரைக்ஸல்" என்றாள். பெற்ற தாய் நெட்ராவையும் விடவில்லை. நெட்ரா வாரா வாரம் பத்துப் பெண்களோடு உட்கார்ந்து மெத்தைப் போர்வை தைப்பவள், அந்த அறையில் எந்த ரகசியமும் பிழைத்ததில்லை. அவளுக்கு, "கோல்ஜர்." மூன்று பேரிடமும் ஒரே சத்தியம்: வேறு யாருக்கும் தெரியக்கூடாது. எந்தப் பேர் வெளியே வருகிறதோ, அந்த வாய்தான் ஓட்டை வாய்.

வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அப்புறம் கண்ணில் படுவதெல்லாம் சந்தேகம்தான். இவள் உள்ளே நுழைந்ததும் மாமியார் எதையோ சோபாவுக்குப் பின்னால் தள்ளினாள். அம்மா தையல் பையின் ஜிப்பைச் சர்ரென்று இழுத்தாள். கேம்ப்ரீ வீட்டுக்குப் போனால், வண்டிக் கொட்டகைக் கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே பெயின்ட் வாடை. இவளைப் பார்த்ததும் கேம்ப்ரீ அவ்வளவு பெரிய வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கதவை இறக்கினாள்.

"என்ன கேம்ப்ரீ, உள்ள யாரையாவது கொன்னு போட்டிருக்கியா?"

"உன்னைத்தான் போடப்போறேன். வா, சூடா சாக்லேட் தர்றேன்," என்று சிரித்தாள் கேம்ப்ரீ. திருட்டுச் சிரிப்பு என்று டெலிஸுக்குப் பட்டது.

பிப்ரவரி நடுவில் கேம்ப்ரீக்குப் பையன் பிறந்தான். பேர் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிப் பாரத்தில்கூட அந்த இடம் காலியாம், அப்புறம் எழுதிக்கொள்ளலாமாம். மார்ச் முதல் ஞாயிறு ஆசீர்வாதம். டெலிஸ் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை, மாமியார் வீட்டில் டெலிஸுக்கு பேபி ஷவர், பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பரிசு கொடுக்கும் விருந்து. சபைப் பெண்கள் இருபது பேர், சீஸ் போட்ட உருளைக்கிழங்கு, கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி. டயப்பர், பால் புட்டி என்று பிரித்துக்கொண்டே வந்தாள். அடுத்தது மாமியாரின் பொட்டலம். நீலக் கம்பளிச் சால்வை, கொக்கி ஊசியால் பின்னினது. ஓரத்தில் வெள்ளை நூலில் பேர்: டேவ்ரிக்.

"அட, பேரு வெளிய வந்தாச்சா!" என்று கைதட்டினார்கள்.

டெலிஸ் கையைத் தட்டவில்லை. அடுத்த பொட்டலம் அம்மாவுடையது என்று தெரிந்துபோயிற்று. பிரிக்காமல் ஒதுக்கப் பார்த்தாள். பக்கத்து வீட்டுச் சபைக்காரி சிஸ்டர் ஹாஃபன் எடுத்து மடியில் வைத்தே விட்டாள். மெத்தைப் போர்வை. நடுவில் பெரிசாக: கோல்ஜர். மூன்றாவது கேம்ப்ரீயுடையது, மரப்பலகை, தொட்டில் மேல் மாட்டுவதற்கு. பச்சைப் பெயின்ட் எழுத்து: ரைக்ஸல்.

சிஸ்டர் ஹாஃபன் எண்ணிப் பார்த்தாள். "ஏம்மா டெலிஸ், வயித்துல மூணா?"

ஒருத்தி சிரித்தாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. குட்டு உடைந்துபோயிற்று.

"சத்தியம் வாங்கினியேம்மா," என்றாள் மாமியார் லரூ. "ஜேகிட்டகூடச் சொல்லலையே நான்."

நெட்ரா போர்வையை மடிக்க ஆரம்பித்தாள். மகள் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்கப்பா பேர் கொஞ்சமாவது வரும்னு நெனச்சேன். கோல்ஜர்னு சொன்னே. சரி, உன் இஷ்டம்னு தைச்சேன்."

டெலிஸுக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து சமையலறைக்குப் போனாள். கேம்ப்ரீ அங்கே குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். சாமான்களைக் காரில் ஏற்ற வந்த ட்ரெவின், ஒரு தட்டு உருளைக்கிழங்கோடு கதவோரம் நின்றான்.

"கேம்ப்ரீ, நான்…"

"எனக்கு நெஜப் பேர் தெரியும்," என்றாள் கேம்ப்ரீ. "ஜேரூலன். கிறிஸ்துமஸ் அன்னிக்கே இந்த ட்ரெவின் உளறிட்டான்."

ட்ரெவினுக்கு வாயில் வைத்தது உள்ளே போகவில்லை.

"தெரிஞ்சுமா பலகையில ரைக்ஸல்னு எழுதினே?"

"நீ எனக்குன்னு சொன்னது அதுதானே. நான் எதைத் தெரிஞ்சுக்கணும்னு நெனச்சியோ, அதை எழுதினேன். ஷவருக்கு முன்னால நீயே கூப்பிட்டு நெஜத்தைச் சொல்லுவேன்னு பார்த்தேன். பலகைக்குப் பின்பக்கம் மொட்டையாத்தான் விட்டுவச்சிருக்கேன், திருப்பி எழுதிக் குடுக்கலாம்னு."

"அன்னிக்குப் பிராக்ஸ்டிரை எடுத்துக்கிட்டியே. அதனாலதான்…"

"எடுத்துக்கிட்டேனா? இவன்கிட்ட கேட்டேன். டெலிஸ் சரின்னுட்டாள்னு சொன்னான். கேளு, நிக்கிறான்ல!"

டெலிஸ் திரும்பினாள். ட்ரெவின் தட்டைப் பார்த்தான். "கேக்கணும்னுதான் இருந்தேன். அந்த வாரம் வேலை ஜாஸ்தி. பொண்ணுதானே பொறந்திருக்கு, என்ன ஆயிடப்போகுதுன்னு…"

ஊரையே சந்தேகப்பட்டவள் பக்கத்தில் படுத்திருந்தவனை விட்டுவிட்டாள். இத்தனை வருஷக் கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. அந்த நேரத்திலாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பாழாய்ப்போன நாக்கு நிற்கவில்லை.

"அப்போ, உன் பையனுக்கு என்ன பேர் வைக்கிறே?"

கேம்ப்ரீ தட்டுவதை நிறுத்தினாள். அவள் முகம் சிவந்துபோயிற்று. "இப்பவும் அந்தக் கேள்விதானா? நாளைக்கு மைக்குல வரும். ஊரோட சேர்ந்து கேட்டுக்கோ."

மறுநாள் உபவாச ஞாயிறு. வெறும் வயிற்றோடு டெலிஸ் நாலாவது வரிசையில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் அம்மா. மறு பக்கம் இடம் காலி, ட்ரெவின் வட்டத்தில் நிற்கப் போயிருந்தான். ஏழெட்டு ஆண்கள் கையைக் கோத்து, குழந்தையை மெல்ல ஆட்டினார்கள். கேம்ப்ரீயின் கணவன் ஷாட் மைக்கில் பேச ஆரம்பித்தான். ஜே என்று தொடங்கிவிடுவானோ என்று டெலிஸ் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். நேற்றுக் கேட்டதெல்லாம் கேட்ட பிறகும், கை தானாகப் பிடித்தது.

"இவனுக்கு நாங்க குடுக்கிற பேரு," ஷாட் ஒரு வினாடி நிறுத்தினான், "ஜான்."

சபையில் சலசலப்பு. "ஜானா? வெறும் ஜானா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். இருபத்து மூன்று பையன்கள் இருந்த சபையில் ஒரு ஜான் இல்லை.

கூட்டம் முடிந்து கேம்ப்ரீ குழந்தையோடு நடைவழியில் வந்தாள். டெலிஸ் எழுந்து நின்றாள்.

"மூணு மாசம் யோசிச்சு ஒரு நல்ல பேர் வச்சிருந்தேன்," என்றாள் கேம்ப்ரீ தணிந்த குரலில். "நேத்து ராத்திரி ஷாட்கிட்ட வேணாம்னுட்டேன். எந்தப் பேரை வச்சாலும் உன்கிட்ட இருந்து எடுத்தேன்னு நெனப்பே. ஜான் ஊருக்கே பொது. யாரும் என்கிட்ட வந்து கேக்க முடியாது."

அவள் போய்விட்டாள். நெட்ரா கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உன் பேர் பத்திரமா இருக்கு," என்றாள் நெட்ரா. "என்னன்னு எனக்கு இப்பவாவது சொல்லுவியா?"

ஜேரூலன் அவளிடமே இருந்தது. யாரும் தொடவில்லை. வயிற்றில் பையன் ஓங்கி ஒரு உதை விட்டான். டெலிஸ் அம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தாள், அப்பா பேர் வரவில்லை, அழுகைதான் வந்தது.