வைரத்தோட்டில் ஓடிய சூடு

மீனலோசனிக்கு அந்த வாரம் முழுக்கத் தலை சுற்றியது. சுற்றாமல் என்ன செய்யும்? இரண்டு வருஷமாக வாயுவைக் காய்ச்சி, அதிலிருக்கும் கரியைப் பிரித்து, மெல்லிய வைரப்படலம் வளர்த்திருக்கிறாள். சூட்டைக் கடத்துவதில் வைரத்தை மிஞ்ச ஆளில்லை, செம்பெல்லாம் பக்கத்தில்கூட வராது என்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் எழுதியிருக்கிறது. இவள் வளர்த்த வைரம் மட்டும் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

கோலாலம்பூரில் அவள் படித்துவந்த பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், சூடேற்றிய ஊசி ஒன்று பொருத்திய கருவி இருந்தது. ஊசியை ஒரு பொருளின்மேல் வைத்தால், அந்தப் பொருள் சூட்டை எவ்வளவு வேகமாக இழுக்கிறதோ அவ்வளவு வேகமாக ஊசி ஆறும். செம்பின்மேல் வைத்தால் சட்டென்று ஆறியது. கண்ணாடியின்மேல் வைத்தால் ஆடி அசைந்து ஆறியது. இவளுடைய படலத்தின்மேல் வைத்தால், கண்ணாடிக்கு ஏதோ கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர்களோ அது வைரமேதான் என்று அடித்துச் சொன்னார்கள். யாரை நம்புவது?

"வெள்ளிக்கிழமை கமிட்டி உக்காருது மீனா," என்றார் அவளுடைய பேராசிரியர் டாக்டர் லியனார்ட். "ஊசி சொல்றது சரின்னா இந்த ப்ராஜெக்ட்டை மூடிடுவாங்க. உன் இடமும் போயிடும். ஊசிதான் தப்புன்னா ஆதாரம் காட்டு, நான் சண்டை போடுறேன்."

"ஊசிதான் தப்பு டாக்டர்!"

சொல்லிவிட்டாள். ஆதாரத்துக்கு எங்கே போவது? அசல் வைரம் ஒன்று கிடைத்தால் அதன்மேல் ஊசியை வைத்துப் பார்த்துவிடலாம். ஆய்வுக்கூடத்தில் அதற்கு வழியில்லை. ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில், அவளுடைய அம்மா நேசம்மாவின் காதில் இரண்டு இருந்தன.

அந்தத் தோட்டுக்கு ஒரு வழக்கு உண்டு. ரயில்வேயில் கிளார்க்காக இருந்த அப்பா சிவகுருநாதன் கல்யாணத்தின்போது வாங்கிக் கொடுத்தது. கிள்ளானில் இருக்கும் அப்பாவின் தங்கை குணபூசணி மாமிக்கோ அன்றிலிருந்தே சந்தேகம். ஒரு விசேஷ வீடு பாக்கியில்லை. "வைரம்தானா மச்சாள்? அண்ணரை யாராச்சும் ஏமாத்திட்டாங்களோ?" என்று நாலு பேர் காதில் விழக் கேட்டுவிட்டுப் போவாள். வாய்க்கு ஒரு பூட்டு வேண்டாமா! நேசம்மா சிரித்து மழுப்புவாள். வீட்டுக்கு வந்து சமையலறையில் பாத்திரங்களை நொறுக்குவாள்.

மகள் கேட்டதும் அவள் முகம் மாறியது. "மெஷின்ல வெச்சா நிஜமா பொய்யான்னு தெரிஞ்சிடுமா பிள்ளை?"

"வைரம்னு தெரிஞ்சதாலதானே கேக்கிறேன்."

"எனக்கே தெரியாதே," என்றாள் நேசம்மா, தணிந்த குரலில்.

மறுநாள் காலை குளித்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து கழற்றாத தோட்டைக் கழற்றினாள். சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, விபூதி பூசி, சந்தனம் தொட்டு, மகளிடம் கொடுத்தாள். மீனலோசனி அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், துப்பட்டாவால் ஒரு துடை துடைத்து, ஊசிக்கு அடியில் வைத்தாள்.

ஊசி ஆடி அசைந்து ஆறியது. கண்ணாடிக்கு ஆறியதைப் போலவே.

முதலில் அவளுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அப்பாடா! வைரத்தையே கண்ணாடி என்கிறதே, கருவிதான் புளுகன்! லியனார்டின் அறைக்கு ஓடினாள். அவர் வந்து செம்பை வைத்தார், வெள்ளியை வைத்தார். ஊசி ஒழுங்காகச் சொன்னது.

"செம்புக்கும் வெள்ளிக்கும் சரியா சொல்ற ஊசி, வைரத்துக்கு மட்டும் பொய் சொல்லுமா லா?" தயங்கிவிட்டுக் கேட்டார். "அம்மா தோடு... வைரம்தானே?"

ஊசி பொய் என்றால் தோடும் பிழைக்கும், படலமும் பிழைக்கும். ஊசி உண்மை என்றால் படலமும் போச்சு, அம்மாவின் மானமும் போச்சு. கிள்ளான் மாமியின் முகம் மீனலோசனியின் கண்முன்னால் வந்து நின்று பல்லைக் காட்டியது.

லியனார்ட் பூதக்கண்ணாடியால் தோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா இது, மேலே சாம்பல்?"

"விபூதி டாக்டர். எங்க வீட்ல முக்கியமானது எதுவும் சாமிகிட்ட வைக்காம வெளிய போகாது."

"விபூதிக்குக் கீழே எண்ணெய், சோப்பு எல்லாம் படிஞ்சு போயிருக்கு. சூடு கல்லைத் தொட்டாத்தானே கல்லு இழுக்கும்?"

ஆல்கஹாலில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தார்கள். மறுபடி ஊசிக்கு அடியில் வைக்கும்போது எதை வேண்டிக்கொள்வது என்று அவளுக்குப் புரியவில்லை. கடைசியில் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.

ஊசி பொசுக்கென்று ஆறியது. செம்பைவிட வேகமாக. இன்னொரு தோடும் அப்படியே. அசல் வைரம்!

அம்மா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அடுத்த மூச்சில்தான் மற்றது உறைத்தது. அப்படியென்றால் ஊசி சொன்னதெல்லாம் சரி. அவளுடைய படலத்தையும் ஆல்கஹாலில் கழுவி வைத்துப் பார்த்தாள். ஆடி அசைந்து ஆறியது.

"ஆனா அதுவும் வைரம்தானே டாக்டர்! அதே கரி, அதே அடுக்கு!"

"தோட்டுல இருக்கிறது ஒரே கல்லு. அணு நடுங்கினா பக்கத்து அணுவும் நடுங்கும், சூடு தங்குதடையில்லாம ஓடும். நீ வளர்த்தது கோடிக்கணக்கான பொடி வைரம், ஒட்டிக்கிட்டு நிக்குது. ஒவ்வொரு ஒட்டுலயும் சூடு முட்டி நிக்குது. கிள்ளான் ரோட்டுல பத்தடிக்கு ஒரு டோல்கேட் வெச்சா கார் எப்படிப் போகும்?"

படலம் வழவழவென்று வரவேண்டும் என்பதற்காக மாதக்கணக்காகப் பாடுபட்டுப் பொடியை இன்னும் பொடியாக்கியவள் அவளேதான். பெருமையாக எல்லாருக்கும் காட்டியும் இருக்கிறாள்.

சாயங்காலம் வாசலிலேயே நின்றிருந்தாள் நேசம்மா. "என்ன பிள்ளை?"

"வைரம்தான்மா. அசல்."

நேசம்மா அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகப் போய்க் கிள்ளானுக்குப் போன் போட்டாள். மாமி சும்மா விடுவாளா? அவள் போட்ட சத்தம் கூடம் வரை கேட்டது. "அந்த மெஷின் தப்பா இருக்கும் மச்சாள்!"

"என்கிட்ட எதுக்கு? படிச்ச பிள்ளைகிட்டயே கேளு." நேசம்மா ரிசீவரை மகளிடம் நீட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை மீனலோசனி பார்த்ததே இல்லை.

கருவி தப்பு என்று சொல்வதற்கு அவள் ஒரு வாரமாகச் சேர்த்து வைத்த காரணங்கள் எல்லாம் நுனிநாக்கில் இருந்தன. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான்.

"இல்ல மாமி," என்றாள். "மெஷின் சரியாத்தான் சொல்லுது. அதுல ஒரு தப்பும் இல்ல."