கோல்பி வீச இருந்த பந்து

கோல்பி நோவாக்குக்கு அந்தப் பருவத்தில் மட்டும் ஒன்பது பெயர்கள். செப்டம்பர் முதல் வாரம் அவன் டாட்சன். அடுத்த வாரம் ரீம்ஸ். அந்த ரீம்ஸ் இடக்கைக்காரன். பாவம், அவனுக்காக இடக்கையால் வீசிப் பழகி, தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு படுத்தான் இவன்.

வில்லோ ஃபோர்க் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் அவன் வேலையே அதுதான். சனிக்கிழமை வரப்போகிற எதிரணியில் பந்து வீசுகிறவன் எவனோ, அவன் எண் போட்ட சட்டையைத் திங்கட்கிழமை மாட்டிக்கொள்ள வேண்டும். அவன் எப்படி நிற்கிறான், எந்தப் பக்கம் கழுத்தைத் திருப்புகிறான் என்று படத்தில் பார்த்து அப்படியே செய்து காட்ட வேண்டும். கோல்பியை மோதி மோதி அவன் அணிக்காரர்கள் பழகிக்கொள்வார்கள். சனிக்கிழமை வந்தால் மைதானத்துக்கு வெளியே கோட்டோரம் நிற்பான். ஆட்டம் முடியும்போது அவன் கால்சட்டையில் ஒரு புல்கறை இருக்காது.

நாலு வருஷமாக இதே கதை. இது கடைசி வருஷம். உண்மையான ஆட்டத்தில் ஒரு பந்து வீச வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. யாராவது பிடித்தாலும் சரி, தரையில் விழுந்தாலும் சரி.

அதை அப்பா பார்க்க வேண்டும் என்பதும் அந்த ஆசைக்குள்ளேயே இருந்தது. அப்பா வெர்ன் மகனின் மைதானத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. வருத்தப்பட்டு என்ன செய்ய? நெப்ராஸ்காவில் ஆட்டம் தொடங்குகிற காலத்தில்தான் சோளமும் முற்றுகிறது. அறுவடை இயந்திரம் சனிக்கிழமை என்று நிற்குமா? ஆனால் அந்த நவம்பரில் மழை தள்ளிப்போனது. கடைசி ஆட்டத்துக்கு முன்பே அறுவடை முடிந்து நிலம் வெறுமையாகிவிட்டது.

"வர்றேன்டா," என்றார் போனில். "உன்ன உள்ள விடுவாங்களா?"

"தெரியலப்பா."

"விடலன்னாலும் வர்றேன். கோட்டோரம் நீ எப்படி நிக்கிறன்னு பாக்குறேன்."

செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்ததும் கோச் லிண்ட் கூப்பிட்டார். "புர்க்கெட், இங்க வா."

அந்த வாரம் அவன் ஹார்ட்வெல் கல்லூரியின் புர்க்கெட்.

"நல்ல வித்தியாசத்துல முன்னாடி இருந்தோம்னா, கடைசி ரெண்டு நிமிஷம் உனக்கு. முதல் பந்தே வீச்சு. சரியா?"

"என் பேரு கோல்பி, கோச்."

"சனிக்கிழமை கோல்பி. இன்னிக்கு புர்க்கெட். போ, போய் இன்னொரு தடவ தட்டு."

தட்டுவது என்றால் கைதட்டுவது. பந்து கேட்க ஒவ்வொரு அணிக்கும் ஒரு வழக்கம். வில்லோ ஃபோர்க்கில் ஒரே தட்டு. உடனே முன்னால் குனிந்திருப்பவன் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் எறிவான். புர்க்கெட்டோ இடது குதிகாலைத் தூக்கி, இரண்டு முறை தட்டுவான். இரண்டாவதற்குத்தான் பந்து வரும். கோல்பி அந்த வாரம் குதிகாலைத் தூக்கித் தூக்கி, நூறு முறையாவது இரட்டைத் தட்டு தட்டியிருப்பான்.

சனிக்கிழமை. முப்பத்தொன்றுக்குப் பத்து என்று முன்னால் இருந்தார்கள். கோச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒலிபெருக்கியில் அவன் பெயர், அவனுடைய சொந்தப் பெயர், காற்றில் போயிற்று. மேல் வரிசையில் அப்பாவின் விதைக் கம்பெனித் தொப்பி எழுந்து நின்றது.

முன்னால் குனிந்து பந்தை எறிகிற ஓட்டிஸ் கோல்பியின் தலைக்கவசத்தைத் தட்டினான். "மாப்ள, ஒரே தட்டு. உன் கல்யாணத்துக்குத் தட்டுற மாதிரி தட்டிட்டே இருக்காத."

"தெரியும்டா. குனி."

நின்றான். வலது ஓரத்தில் ஜோயல் ஓடத் தயாராக இருந்தான். அந்த மூலைதான், அங்கேதான் போட வேண்டும். மூச்சை இழுத்தான். இடது குதிகால் தானாக எழுந்தது. தட்டினான். இரண்டாவது தட்டுக்குக் கைகள் விரிந்தன.

விரிந்த கைகளுக்கு நடுவே பந்து வந்து நெஞ்சில் மோதியது. கீழே விழுந்து உருண்டது. கோல்பி அதன்மேல் பாய்ந்தான். அவன்மேல் ஹார்ட்வெல் ஆட்கள் நாலு பேர்.

மேலே கிடந்தவன் சிரித்தான். "ஏம்ப்பா, இது எங்க புர்க்கெட் தட்டுற தட்டுல்ல?"

எழுந்து பார்த்தபோது கோட்டோரத்தில் லிண்ட் முழங்காலைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். இனி பந்தை வாங்கி மண்டியிட வேண்டியதுதான். வீச்சு இல்லை, கடிகாரம் மட்டும் ஓடி ஆட்டம் முடியட்டும்.

ஒரு முறை மண்டியிட்டான். இரண்டாவது முறைக்குக் குனியும்போது ஓட்டிஸ் தலையைத் திருப்பாமல் முணுமுணுத்தான். "ஜோயல் தனியா நிக்கிறான்டா. வீசிடு. என்ன, சோறு போடாமலா விட்ருவாங்க?"

கோல்பி பார்த்தான். ஜோயல் தனியாகத்தான் நின்றான். ஆனால் எதிரே ஹார்ட்வெல் ஆட்கள் நிமிர்ந்து நின்றிருந்தார்கள். ஒருவன் பல்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். மண்டியிடப் போகிறவனை யாரும் மோதமாட்டார்கள். மண்டியிடப் போகிறவன் வீசமாட்டான். அந்த நம்பிக்கையில் நின்றார்கள்.

ஒரே தட்டு. பந்து சரியாகக் கைக்குள் வந்து உட்கார்ந்தது. தையல் விரல்களுக்கு அடியில் தானாகவே பொருந்தியது. அவன் மண்டியிட்டான். நடுவர் பந்துக்காகக் கையை நீட்டினார். கொஞ்சம் பொறுத்துத்தான் கொடுத்தான்.

கூட்டம் கலைந்த பிறகு அப்பா புல்லில் இறங்கி வந்தார். பண்ணைக்குப் போடுகிற பூட்ஸ்.

"விழுந்தத விடாம புடிச்சுட்டியே," என்றார்.

"தப்பு என்னோடதுதான்ப்பா. ரெண்டு தட்டப் போயிட்டேன்."

அவர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வீசறதா இருந்த?"

கோல்பி வலது மூலையைக் காட்டினான். வெர்ன் நடந்தார். அறுவடையில் பிடித்த இடுப்பைக் கையால் தாங்கியபடி அத்தனை தூரமும் நடந்து போய்த் திரும்பி நின்றார்.

"இங்கயா?"

"இன்னும் ரெண்டடி உள்ள தள்ளிப்பா."

அவர் இரண்டடி தள்ளி நின்றார்.