பழைய நம்பர்

அன்று காலை ஏழே முக்காலுக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்: சியோலிலிருந்து முதல் நாளே வந்துவிட்ட கொழுந்தன் கியூசிக், முழங்காலை மடக்க முடியாத மாமியார் ஓக்புன், கோழித் தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வந்து சேர்ந்த தோவா, சட்டம் போட்ட படத்துக்குள் தோவாவின் புருஷன் தோங்சு. செத்து ஒரு வருஷம்.

படையலை ராத்திரியில்தான் வைக்க வேண்டும். கியூசிக் மதியமே கிளம்ப வேண்டும் என்றதால் காலைக்கு மாறியது. இரண்டு நாள் போனில் முனகிவிட்டு ஓக்புனே அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்தாள்.

"அவன் ராத்திரி ஷிஃப்ட்காரன்டா. உசிரோட இருந்தப்பவும் காலையிலதானே வீட்டுக்கு வந்தான்."

படையல் முடிந்ததும் இன்னொரு வேலை இருந்தது. வீட்டை விற்கும் தாளில் ஓக்புன் கையெழுத்துக்குப் பதிலாகத் தன் முத்திரையைக் குத்த வேண்டும். குத்தினால் அவள் முதியோர் இல்லத்துக்கு. தோவா தொழிற்சாலை விடுதிக்கு, அறைக்கு ஆறு பேர். தோவாவை யாரும் கேட்கவில்லை. ஓக்புன் ஒரு வாரமாக ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

தோவா மாடியேறி வந்தபோது கதவு ஒருக்களித்திருந்தது. இடையில் தோங்சுவின் வேலைச் செருப்பு ஒன்று குறுக்கே கிடந்தது. வியட்நாமிலிருந்து வந்த முதல் வருஷம், வெளிநாட்டு மருமகள்களுக்கென்று நடந்த வகுப்பில் கொரிய வாழ்க்கையைப் பாடம் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். படையலில் மீன் கிழக்கே, இறைச்சி மேற்கே. பெரியவர்களுக்கு ஊற்றும்போதும் கொடுக்கும்போதும் இரண்டு கை. வாசலில் செருப்புகள் ஜோடியாக, முனை கதவைப் பார்த்து. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து தொண்ணூற்றிரண்டு மார்க் வாங்கியவள் அவள். பத்து மணி நேரம் நின்ற காலோடு குனிந்து, அந்தச் செருப்பை எடுத்து ஜோடியோடு சேர்த்து வைத்தாள். பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது, நம்பர் பூட்டு விழுந்தது.

கைகளை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கோழிக்கொழுப்பு வாடை போகவில்லை. ஊதுபத்தி ஏற்றினார்கள். கியூசிக் மதுவை ஊற்றினான், சோற்றில் கரண்டியைச் செருகினான், விழுந்து கும்பிட்டான். செத்தவன் சாப்பிடட்டும் என்று எல்லாரும் திரும்பி நின்றபோதுதான் ஓக்புன் வாசலைப் பார்த்தாள்.

"கதவை யாரு சாத்தினது?"

"நான்தான் அத்தை. செருப்பு குறுக்க கிடந்துச்சு, எடுத்து வச்சேன்."

"அடிப் பாவி! அவன் உள்ள வரணும்னுதானேடி முட்டுக் குடுத்து வச்சேன்!"

கியூசிக் சிரித்தான். "எங்க அண்ணிய வகுப்புல ரொம்ப நல்லாப் பழக்கியிருக்காங்கம்மா."

வகுப்பில் கதவைப் பற்றிச் சொல்லவில்லை. மாமனாரின் படையல்கள் எல்லாம் ராத்திரியில் நடந்தன. சமைத்து வைத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போவதோடு அவள் பங்கு முடிந்துவிடும். இதையெல்லாம் விளக்க வாயில் தெம்பில்லை.

"அவருக்கு நம்பர் தெரியும் அத்தை" என்றாள்.

ஓக்புன் கதவிலிருந்த பூட்டைப் பார்த்தாள். "ஆமா" என்றாள். "அவன் பொறந்த தேதிதானே."

கியூசிக் பிடரியைச் சொறிந்தான். "நேத்து மாத்திட்டேம்மா. திங்கக்கிழமை புரோக்கர் வீடு பாக்க ஆளுங்களக் கூட்டிட்டு வருவாரு, அவருக்குக் குடுக்கத்தான்."

"அப்ப இவ?"

"என்னது?"

"ராத்திரியெல்லாம் வேலை பாத்துட்டு வர்றவ எப்படிடா உள்ள வருவா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். படையல் வேலையில மறந்துட்டேன்."

ஊதுபத்திச் சாம்பல் வளைந்து விழுந்தது. அந்தச் செருப்பு மட்டும் இல்லாதிருந்தால் வராந்தாவில் நின்று பழைய நம்பரை அழுத்திக்கொண்டிருப்போம் என்று தோவா நினைத்தாள். கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தூங்கியிருக்க வேண்டும்.

"செருப்ப எடுத்து முட்டுக் குடும்மா" என்றாள் ஓக்புன். "நீ மறுபடியும் ஊத்துடா."

மறுபடியும் ஊற்றினான். கதவு திறந்திருந்ததில் வராந்தாக் குளிர் உள்ளே வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ மீன் பொரித்தார்கள்.

சாப்பிட்ட பிறகு கியூசிக் தாளை விரித்து, சிவப்பு மைப்பெட்டியைத் திறந்து வைத்தான். ஓக்புன் சுருக்குப்பையிலிருந்து முத்திரையை எடுத்தாள். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். திரும்பப் பையில் போட்டுச் சுருக்கை இழுத்தாள்.

"பழைய நம்பரப் போடும்மா" என்றாள் தோவாவிடம்.

"அம்மா, ஆளுங்க வருவாங்க..."

"உன்ன ஒண்ணும் சொல்லலியே. சூப்ப குடி."

தோவா பூட்டின் பின்மூடியைக் கழற்றி, தோங்சுவின் பிறந்த தேதியை ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். பிறகு படையல் அடைகளை ஒரு டப்பாவில் போட்டுக் கொழுந்தனிடம் நீட்டினாள். இரண்டு கையால்.

"தாள் மேஜை மேலயே இருக்கட்டும். அடுத்த வாரம் வர்றேன்" என்றான்.

"போன் பண்ணிட்டு வா" என்றாள் ஓக்புன், திரும்பாமல்.

அவன் தன் செருப்பை மாட்டிக்கொண்டு, முட்டுக் கொடுத்திருந்த அண்ணன் செருப்பைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனான். கதவு மெதுவாக வந்து சாத்திக்கொண்டது. பூட்டுக்குள் மோட்டார் ஒரு தரம் உறுமியது, தாழ் விழுந்தது.